எடைமேடை நாற்காலிக்குப் பதினொரு பேர்

காலையில் காலுறை போட டெஸ் கிரிம்ஷாவுக்குப் பதினாலு நிமிடம் பிடிக்கும். குனிய முடியாது. குனிந்தால் இடுப்புக்கு மேலே வலப்பக்கத்தில் யாரோ திருப்புளியைச் செருகி அரைச்சுற்றுச் சுற்றுவதுபோல ஒரு வலி கிளம்பும். அது தொடையில் இறங்கி, கணுக்கால் வரை போய், அங்கே கொஞ்ச நேரம் தங்கிவிட்டு மறுபடி மேலே ஏறும். மனைவி முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து ஏழரைக்குத்தான் வருவாள். டெஸ் ஐந்தரைக்குக் குப்பை லாரி டிப்போவில் இருக்க வேண்டும். ஆகவே தெருவில் காகிதம் பொறுக்க நகரக் கவுன்சில் கொடுத்திருந்த நீளக் கவ்வியால் காலுறையைப் பிடித்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே தன் காலுக்குத் தானே தூண்டில் போடுவார்.

வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடம் முடிந்ததும் நிலக்கரிச் சுரங்கம். சுரங்கத்தை மூடியதும் கவுன்சிலின் குப்பை லாரி. முப்பத்திரண்டு வருடமாக நாளொன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் சக்கரத் தொட்டிகளை வாசலிலிருந்து லாரிக்கும் லாரியிலிருந்து வாசலுக்கும் இழுத்த உடம்பு அது.

அந்த உடம்புக்குக் கோல்ட்பெக் ஊரில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது. குப்பைக் கிடங்கு வாசலில் உள்ள எடைமேடை. லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். கொட்டகைக்குள் இருப்பவர் எடையைப் பார்த்து ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். லாரி போய்விடும். கொட்டகைக்குள் ஹீட்டர் உண்டு. நாற்காலி உண்டு. அந்த நாற்காலியில் இருப்பவர் அடுத்த மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார் என்று ஆகஸ்டிலேயே அறிவிப்பு ஒட்டினார்கள். மூன்று பேர் மனுப் போட்டார்கள். டெஸ் ஒருவர். இருபத்தாறு வருடமாக அவரோடு ஒரே லாரியின் பின்னால் நடந்த நார்மன் டக்வொர்த் ஒருவர். தெருக் கூட்டும் வண்டி ஓட்டும் ட்ரெவர் ஒருவர்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு வழி இருந்தது. டிப்போ மேஸ்திரி வாசலில் நின்று பார்ப்பார். லாரியிலிருந்து இறங்கும்போது எவன் அதிகமாகப் பல்லைக் கடிக்கிறானோ அவனுக்கு நாற்காலி. இப்போது அந்த அதிகாரம் பணியாளர் ஈடுபாட்டுப் பிரிவிடம் போயிருந்தது. அந்தப் பிரிவின் அதிகாரி கிரெகரி ஃபென்விக் ஒருநாள் காலை கேன்டீனுக்கு வந்தார்.

"நண்பர்களே, நான் கிரெகரி. மிஸ்டர் ஃபென்விக் எல்லாம் வேண்டாம். இங்க மேல இருக்கறவன், கீழ இருக்கறவன்னு யாரும் கெடையாது" என்றார். ஒரு சிறு மேடைமேல் நின்றுகொண்டு சொன்னார். மேடையை அவரே காரில் கொண்டுவந்திருந்தார்.

"போன வருஷம் ஒரு கருத்துக் கணிப்பு எடுத்தோம். உங்கள்ல நூத்துக்கு எண்பத்தொம்போது பேர், வேலை பாரமா இருக்கு, உடம்பு தாங்கலன்னு எழுதியிருந்தீங்க. அத நாங்க ரொம்பப் பொறுப்பா எடுத்துக்கிட்டோம். ஆறு மாசம் உக்காந்து பேசினோம். பாரத்தக் குறைக்கறதுக்குப் பணம் ஒதுக்கல. அதனால ஃபேன்டஸி கால்பந்துப் போட்டி ஆரம்பிக்கிறோம்."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். தட்டியவர் அப்போதுதான் தூங்கி விழித்தவர்.

அந்த விளையாட்டு டிப்போவுக்குப் புதிதல்ல. நிஜக் கிளப்புகளில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களில் பதினொரு பேரைக் காகிதத்தில் பொறுக்கி ஓர் அணி என்று வைத்துக்கொள்வது. சனிக்கிழமை அவன் மைதானத்தில் கோல் போட்டால் உனக்கு இங்கே புள்ளி. நீ தலைவன் என்று குறித்தவனுக்கு இரட்டைப் புள்ளி. இருபது வருடமாக மதுக்கடை மூலையில் ஆளுக்குப் பத்து பவுண்டு போட்டு, திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஆடிவந்ததுதான். ஃபென்விக் அதை எடுத்து அதற்கு நாற்பத்தொரு பக்கத்தில் விதிப் புத்தகம் அச்சடித்திருந்தார்.

டிப்போவின் அறுபத்துமூன்று பேரும் சேர வேண்டும். சேர்வது அவரவர் விருப்பம் என்றது விதி ஒன்று. கடைசி இடம் என்று ஒன்று கிடையாது, அதன் பெயர் "வளர்ச்சி இடம்" என்றது விதி ஒன்பது. விதி முப்பத்திரண்டை டெஸ் மூன்று தடவை படித்தார். எடைமேடை போன்ற இலகுப் பணிக்கு மனுப் போட்டவர்களின் திட்டமிடலும் விடாமுயற்சியும் போட்டியைக் கொண்டே அளக்கப்படும். பாதியில் விலகியவர் தகுதி இழப்பார். கால்பந்துப் பருவத்தின் முடிவில் வளர்ச்சி இடத்தில் இருப்பவரும் தகுதி இழப்பார்.

"அதாவது, என் முதுகு எனக்கு நாற்காலி வாங்கித் தராது. எவனோ ஒருத்தன் கால் வாங்கித் தரணும்" என்றார் டெஸ்.

"அப்படிச் சுருக்கிடாதீங்க டெஸ்மண்ட்" என்றார் ஃபென்விக், டெஸ்ஸின் முழுப் பெயரையும் சொல்லி. "முதுகு வலிய அளக்க எங்ககிட்ட கருவி இல்ல. புள்ளிய அளக்கலாம்."

அந்த வருடம் கண்ணை மூடிக்கொண்டு எவனும் எடுக்கும் ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். பரெய்ரோ. உருகுவே நாட்டுப் பையன், இருபத்திரண்டு வயது, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ கோல். டிப்போவில் ஐம்பது பேருக்கு மேல் அவனைத் தலைவனாகக் குறித்தார்கள். டெஸ் குறிக்கவில்லை. அவன் ஆடியது மில்ஹேவன் கிளப்புக்கு.

மில்ஹேவன் பதினொரு மைல் தள்ளி இருக்கும் ஊர். எண்பத்து நான்காம் வருடத்து வேலைநிறுத்தத்தில் கோல்ட்பெக் சுரங்கத்துக்காரர்கள் ஒரு வருடம் சம்பளமில்லாமல் வாசலில் நின்றபோது, மில்ஹேவன்காரர்கள் கம்பி வலை போட்ட பேருந்தில் ஏறி உள்ளே வேலைக்குப் போனார்கள். அந்தப் பேருந்துமேல் கல்லெறிந்த கைகளில் பதினெட்டு வயது டெஸ்ஸின் கையும் ஒன்று. பக்கத்தில் நின்று கல் பொறுக்கிக் கொடுத்தவர் நார்மன். அதற்கப்புறம் டெஸ் மில்ஹேவனில் ரொட்டி வாங்கியதில்லை. அந்த ஊருக்குள் பெட்ரோல் தீர்ந்தபோது ஊர் எல்லை வரை காரைத் தள்ளிக்கொண்டு வந்து நிரப்பியிருக்கிறார்.

"யோவ், அந்தப் பையனோட அப்பனே அப்ப டவுசர் போட்டு ஸ்கூலுக்குப் போயிருப்பான்யா" என்றாள் லாரி ஓட்டும் பெவ். நாற்பது வயது, கோல்ட்பெக்கிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான் என்பது ஊர் ஒப்புக்கொண்ட விஷயம். "அவன் என்ன பண்ணான் உன்ன?"

"சட்ட போட்டிருக்கான்ல அந்த ஊருது."

"சம்பளம் குடுக்கறான், போடறான்."

"அந்தப் பஸ்சுல ஏறினவனும் அதத்தான் சொன்னான்."

நார்மன் குனிந்தபடி தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, தோட்டக் குப்பை எடுக்கும் நாள். அல்மா தெருவில் ஈரப்புல் அடைத்த ஒரு தொட்டியை இழுத்துக்கொண்டு வந்த நார்மன், "இந்தா டெஸ், இதப் புடி" என்றார். டெஸ் பிடித்தார். தொட்டி நின்றது. நார்மன் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை பெவ் நடுத்தெருவில் முழங்காலிட்டு அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டாம் எண் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, தன் தொட்டி எப்போது திரும்ப வரும் என்று கேட்டார்.

சம்பளப் பிரிவு மூன்றே நாளில் நார்மன் பெயரை அடித்தது. அவருடைய கையுறையையும் மழைச் சட்டையையும் திருப்பித் தரச் சொல்லி வீட்டுக்குக் கடிதம் போயிற்று. ஃபேன்டஸி அணியைத்தான் நீக்க முடியவில்லை. விலகுபவர் தாமே, தமது கடவுச்சொல்லைப் போட்டு விலக வேண்டும் என்றது விதி பதினேழு.

"அவர் விலகறதா இதுவரை எங்களுக்கு எந்தத் தகவலும் இல்ல" என்றார் ஃபென்விக். குரலில் வருத்தம் இருந்தது. வருத்தப் பயிற்சி அவருக்கு முந்தின வருடம்தான் முடிந்திருந்தது.

ஆக நார்மனின் அணி கையாள ஆளில்லாமல் தானே ஓடிற்று. அக்டோபர் முதல் வாரப் பட்டியலில் அது பத்தொன்பதாம் இடம். டெஸ்ஸின் அணி அறுபத்துமூன்று.

டெஸ் சும்மா இருக்கவில்லை. பத்திரிகை வாங்கி, கண்ணாடி போட்டு, வாராவாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். அவர் எடுத்த தடுப்பாளனுக்குக் கால் முறிந்தது. அவர் எடுத்த கோல்காவலன் முதல் ஆட்டத்திலேயே நடுவரைத் தள்ளிவிட்டு ஆறு ஆட்டத் தடை வாங்கினான். அவர் தலைவனாகக் குறித்த முன்வரிசைக்காரன் எட்டு வாரம் கோல் போடாமல் இருந்து, டெஸ் அவனை நீக்கிய மறுநாள் மூன்று போட்டான். அக்டோபர் கடைசியில் 'வளர்ச்சி உரையாடல்' என்று அழைப்பு வந்தது. லாரியை விட்டு இறங்கிப் போனார்.

"உங்க தடுப்பாளருக்குக் கால் முறிஞ்சது பத்திப் பேசலாமா?" என்றார் ஃபென்விக். முன்னால் ஒரு படிவம்.

"பேசுங்க."

"அதத் தவிர்க்க நீங்க என்ன நடவடிக்க எடுத்தீங்க?"

டெஸ் யோசித்தார். "நான் கோல்ட்பெக்ல இருந்தேன். அவன் லண்டன்ல இருந்தான்."

"தூரம்" என்று ஃபென்விக் எழுதினார். "தொடர்புல பின்னடைவு. நல்ல விஷயம் டெஸ்மண்ட், நீங்களே கண்டுபிடிச்சீங்க. இனிமே?"

"இனிமே முறியாத காலா பாத்து எடுக்கறேன்."

"அருமை" என்று அதையும் எழுதினார். நாற்பது நிமிடம் ஆயிற்று. உட்கார்ந்திருந்த நாற்காலி நல்ல நாற்காலி. டெஸ்ஸுக்கு எழுந்து வர மனமில்லை.

நவம்பரில் யாரோ கட்டட இடிபாட்டைத் தொட்டிக்குள் மறைத்து அடைத்திருந்தார்கள். இழுத்தபோது டெஸ்ஸின் முதுகு பூட்டிக்கொண்டது. ஒன்பது நாள் வீட்டுக் கூடத்தில் தரையில் மல்லாந்து கிடந்தார். இரண்டு வார ஆட்டங்களுக்கு அணியைத் திருத்தி அனுப்ப முடியவில்லை. வேலைக்குத் திரும்பியபோது அவருடைய உடம்புக்கு ஒரு பக்கப் படிவம், அவருடைய அணிக்கு நாலு பக்கப் படிவம். அணி ஏன் கவனிக்கப்படவில்லை, அணி மீண்டும் முழு வேலைக்குத் தகுதியாக இருக்கிறதா, இலகு ஆட்டம் ஏதும் தேவைப்படுமா என்றெல்லாம் கேட்டிருந்தது. ட்ரெவருக்கும் அதேபோல ஒன்று வந்தது. அவர் அதைக் கேன்டீன் நடுவில் கிழித்து, "உங்க நாற்காலியும் வேணாம், நீங்களும் வேணாம்" என்று கத்திவிட்டு விலகினார். விலகல் பதிவாயிற்று. நாற்காலிக்கு நின்ற மூவரில் ஒருவர் செத்தார், ஒருவர் விலகினார், மிச்சம் நான் என்று டெஸ் கணக்குப் போட்டார். ட்ரெவரின் அணி போனதில் இப்போது கடைசி இடம் அறுபத்திரண்டு. அறுபத்தொன்றாம் இடத்துக்கு ஏறினால் போதும்.

அறுபத்தொன்றில் இருந்தவர் கேன்டீன் மொரீன். அவர் ஆட்டக்காரர்களைத் தலைமுடியை வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"நான் வேணும்னா மோசமா ஆடறேன் கண்ணு" என்றார் மொரீன், டெஸ்ஸின் ரொட்டிக்குள் கூடுதலாக ஒரு துண்டு பேக்கனை வைத்துக்கொண்டே. "எனக்கு எந்த நாற்காலியும் வேண்டாம். நின்னே பழகிட்டேன்." சொன்னபடி மறு வாரமே காயத்தில் கிடந்த ஒருவனைத் தலைவனாகக் குறித்தார்.

இது நேர்மைக் குழுவின் கண்ணில் பட்டது. நேர்மைக் குழு என்றால் ஃபென்விக்கும், ஃபென்விக்கின் உதவியாளரும், சுழற்சி முறையில் ஃபென்விக்கும். மொரீனையும் டெஸ்ஸையும் ஆளுக்கு எழுபது நிமிடம் தனித்தனியாக விசாரித்தார்கள். ஆகஸ்டிலிருந்து மொரீன் எடுத்த எல்லா முடிவுகளையும் ஆராய்ந்து, அவற்றில் ஒன்றுகூட அறிவோடு எடுக்கப்படாததால் இந்த முடிவில் மட்டும் சதி இருப்பதாகக் கொள்ள இடமில்லை என்று தீர்ப்பு எழுதினார்கள்.

"என் வாழ்க்கையில எனக்குக் கெடச்ச முதல் நற்சான்று" என்று மொரீன் அதைத் தேநீர் அண்டாவுக்கு மேலே ஒட்டிவைத்தார். ஆனால் பயந்துபோய் அதற்கப்புறம் ஒழுங்காக ஆட ஆரம்பித்துவிட்டார்.

ஜனவரியில் ஆள் மாற்றக் குழு உண்டாக்கப்பட்டது. வேண்டாத ஆட்டக்காரனை நீக்கிப் புதியவனை எடுக்க, காரணம் எழுதி, மேற்பார்வையாளர் கையெழுத்து வாங்கி, மூன்று வாரம் முன்னால் மனுக் கொடுக்க வேண்டும். குழு மாதத்தின் முதல் செவ்வாய் கூடும். டெஸ்ஸின் அணியில் ஒருவன் வளைகுடாப் பக்கம் விலைக்குப் போய்விட்டான். அவன் போய்விட்டான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். டெஸ் பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டினார். பத்திரிகைச் செய்தி ஆதாரம் ஆகாது, ஆட்டக்காரரின் கைப்படக் கடிதம் வேண்டும் என்றார்கள். பிப்ரவரி முழுக்க டெஸ்ஸின் அணி பத்துப் பேரோடு ஆடிற்று. நார்மனின் அணி பதினொன்றாம் இடம்.

பிப்ரவரி கடைசியில் இன்னொன்று. டெஸ்ஸின் தேர்வுகளைக் கணினி அலசியதில், அவர் ஒரு குறிப்பிட்ட ஊர்க் கிளப்பிலிருந்து ஒருவரைக்கூட எடுக்கவில்லை என்று தெரிந்ததாம். பாரபட்சம். மூன்றரை மணி நேரப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். வகுப்பில் ஐந்து பேர். பயிற்சி தரும் பெண் மிகவும் அன்பானவள். எல்லாருக்கும் வண்ணப் பேனா கொடுத்தாள்.

"மில்ஹேவன் பத்தி உங்க மனசுல தோணற ஒரு நல்ல விஷயத்தச் சொல்லுங்க டெஸ்."

டெஸ் உண்மையாகவே முயன்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மற்ற நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இருபது நிமிடம் கழித்து, "தொட்டி மூடிய ஒழுங்கா மூடி வைப்பாங்கன்னு கேள்வி" என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அடுத்த கட்டமாக வழிகாட்டி ஒருவரையும் நியமித்தார்கள். அவர் சம்பளப் பிரிவுப் பையன், பட்டியலில் முதலிடம். ஒரு மணி நேரம் உட்கார வைத்து அவன் சொன்ன ஒரே யோசனை, "பரெய்ரோவ எடுங்க சார்."

ஏப்ரலில் ஒருநாள் மழை. லாரி முன்னிருக்கையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். டெஸ் நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். புதிய பட்டியல் பெவ்வின் போனில் வந்தது. டெஸ் மொரீனைவிட முப்பது புள்ளி பின்னால். நார்மன் ஆறாம் இடம்.

"செத்தவன் எப்பிடிம்மா ஏறிக்கிட்டே போறான்?" என்றார் டெஸ். "நான் உசிரோட இருந்து ராத்திரி பகலா பாக்கறேன். அவன் ஒண்ணும் பண்ணல."

பெவ் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தாள். வழக்கமாக அவள் வாய் இவ்வளவு நேரம் சும்மா இருக்காது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு பெவ்."

"திட்டக் கூடாது."

"சொல்லித் தொலையேன்."

"அவன் டீம்ல பரெய்ரோ இருக்கான்யா. ஆகஸ்டுலேந்தே. தலைவனே அவன்தான்." முன் கண்ணாடியில் ஓடும் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டெஸ்கிட்ட சொல்லிடாத பெவ், ஓடற லாரிலேந்து குதிச்சிருவான்னு சொன்னான். எனக்கு முழங்கால் போச்சு பெவ், நாற்காலி வேணும்னான்."

துடைப்பான் இரண்டு தடவை போய் வந்தது. டெஸ் ரொட்டியின் மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றி, சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கல்லு பொறுக்கிக் குடுத்தவன் அவன்" என்றார்.

"தெரியும்."

"பெரிய கல்லா பாத்துப் பொறுக்குவான்."

"எறங்கு, இன்னும் நாலு தெரு கெடக்கு" என்றாள் பெவ். அவர் இறங்குவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் பின்னால் மூன்று கார்கள் ஹாரன் அடித்தன.

அன்று மாலை டெஸ் ஆள் மாற்றப் படிவத்தை நிரப்பினார். வேண்டுபவர்: பரெய்ரோ, மில்ஹேவன். காரணம் எழுத எட்டு வரி இடம் விட்டிருந்தார்கள். "முதுகு" என்று எழுதினார்.

மே முதல் செவ்வாய் குழு கூடியது.

"காரணம்னு ஒரே ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கீங்க" என்றார் ஃபென்விக்.

"ரெண்டாவது வார்த்தை எழுதக் குனிய முடியல."

"ஆனா இது எவ்வளவு பெரிய பயணம்னு நெனச்சுப் பாருங்க!" ஃபென்விக்குக்குக் கண் கலங்கிவிட்டது. "நாப்பது வருஷப் பகை. ஒரு சுரங்கத் தொழிலாளி. ஒரு பயிற்சி வகுப்பு. எங்க பிரிவு ஆரம்பிச்சதுக்கு அர்த்தம் இன்னிக்குத்தான் கெடச்சிருக்கு. இத நாங்க ஆண்டறிக்கையில போட்டுக்கலாமா?"

"ஆள மாத்திக் குடுப்பீங்கன்னா எங்க வேணா போட்டுக்கங்க."

மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குள் பருவத்தில் இரண்டே வாரம் மிச்சம். முதல் வாரம் பரெய்ரோ ஒன்று போட்டான். மொரீனுக்கும் டெஸ்ஸுக்கும் இடைவெளி பதினொன்றாகக் குறைந்தது. கடைசி ஆட்டங்கள் ஞாயிறு பிற்பகல், எல்லாம் ஒரே நேரத்தில். டெஸ் சமையலறையில் முதுகுக்குக் கீழே வெந்நீர்ப் பை வைத்துத் தரையில் படுத்தபடி வானொலி கேட்டார். மனைவி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

இருபதாவது நிமிடத்தில் பரெய்ரோ போட்டான். டெஸ்ஸின் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. நாற்பது வருடமாக மில்ஹேவன் கோல் போடும்போதெல்லாம் வரும் சத்தம். "கருங்காலி!"

"உங்க ஆளுதானே இப்ப அவன்?" என்றாள் மனைவி.

"ஆமா."

"அப்ப ஏன் திட்டறீங்க?"

எழுபதாவது நிமிடத்தில் பரெய்ரோ இரண்டாவது போட்டான். டெஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவள் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஈரக் கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாலை ஆறு மணிக்குப் பட்டியல் வந்தது. மொரீன் ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்று. டெஸ் ஆயிரத்து இருநூற்று முப்பத்துநாலு. அறுபத்தொன்றாம் இடம்.

திங்கட்கிழமை கேன்டீனில் கேக் வெட்டினார்கள். மொரீன் டெஸ்ஸைக் கட்டிப்பிடித்து, "ஜெயிச்சிட்ட கண்ணு" என்றார். டெஸ் சவரம் செய்து, மனைவி தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தார். ஃபென்விக் மேடைமேல் ஏறினார்.

"எடைமேடைப் பதவிக்கான தேர்வு முழுக்க முழுக்கப் பாரபட்சம் இல்லாம நடந்தது. பேர் பாத்தா மனசு சாயும். அதனால தேர்வுக் குழுவுக்குப் பேரக் காட்டல. வயசு, முகம், உடல்நிலை எதையும் காட்டல. பங்கேற்பாளர் எண்ணும் அவரோட பதிவுகளும் மட்டும்தான். ரெண்டு பேர் தகுதி பெற்றாங்க. ரெண்டாவது வந்தவருக்கும் என் பாராட்டு. ஆனா அவர் பருவம் பூரா எட்டுத் தடவ ஆள் மாத்தக் கேட்டிருக்கார், ஒம்போது நாள் வரல, ஒரு விசாரணையும் உண்டு. முதல் வந்தவரப் பாருங்க. நாலாம் இடம். முப்பத்தெட்டு வாரத்துல ஒரு புகார் இல்ல. ஒரு மனு இல்ல. ஒரு நாள்கூட எங்களத் தொந்தரவு பண்ணல. செப்டம்பர்லேந்து ஒரே மாதிரி, அசையாத மன உறுதி. இப்பிடிப்பட்ட ஊழியரத்தான் இந்தக் கவுன்சில் தேடிக்கிட்டிருக்கு. பங்கேற்பாளர் எண் நாப்பத்தேழு!"

கைதட்டல் தொடங்கிப் பாதியில் நின்றது. நாற்பத்தேழு யார் என்று ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்தார்கள். பெவ்தான் முதலில் சொன்னாள்.

"யோவ், அது நார்மன்யா."

"வாழ்த்துகள் நார்மன்!" என்று ஃபென்விக் கையை உயர்த்திக் கூட்டத்தில் தேடினார்.

"அவன் செத்து எட்டு மாசம் ஆச்சு. நான் அமுக்கினேன் அவன் நெஞ்ச."

ஃபென்விக் காகிதத்தைப் பார்த்தார். உதவியாளரைப் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கவில்லை. "இது ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா குழுவோட முடிவு முடிவுதான். அத மாத்தணும்னா தேர்வானவரே எழுத்துல மறுக்கணும். நியமனக் கடிதம் இன்னிக்குக் காலைல போயிருச்சு."

"அவன் எழுத மாட்டான்" என்றார் டெஸ்.

"அவர் சார்பா நீங்க பேச முடியாது டெஸ்மண்ட்."

"எழுதவே மாட்டான். அவன் செத்துட்டான்."

"பதில் வர்ற வரைக்கும் அந்தப் பதவி காலி இல்ல" என்றார் ஃபென்விக். கொஞ்சம் கனிவோடும் சொன்னார். "நீங்க மனசத் தளர விடக் கூடாது. அடுத்த பருவம் ஆகஸ்டுல ஆரம்பிக்குது."

ஜூனில் புது நாற்காலி வந்தது. கோப்பில் இருந்த நார்மனின் அளவின்படி, ஆறடி ஒரு அங்குல ஆளுக்கு ஏற்றபடி உயரம் வைத்து, முதுகுப் பகுதிக்குத் தனித் திண்டு போட்டு, பிளாஸ்டிக் உறையோடு கொட்டகைக்குள் வைத்துப் பூட்டினார்கள். எடை பார்க்க ஆளில்லாததால் லாரிகள் மேடையில் ஏறி ஒரு நிமிடம் நின்று, எடை போடாமலே இறங்கிப் போயின. நிற்பது விதி. நார்மனின் மனைவிக்கு மூன்று நினைவூட்டுக் கடிதங்கள் போயின. நாலாவதில், பதில் அளிக்காமல் இருப்பது நார்மனின் இதுவரையான நற்பெயருக்குக் களங்கம் என்று எழுதியிருந்தார்கள்.

அதே வாரம் டெஸ்ஸுக்கும் ஒரு கடிதம். கண்ணாடி வீட்டில் இருந்ததால் பெவ் லாரியை ஓரங்கட்டிப் படித்துக் காட்டினாள். வளர்ச்சி உரையாடல், நேர்மை விசாரணை, பயிற்சி வகுப்பு, வழிகாட்டி சந்திப்பு ஆகியவற்றுக்காக அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்திருந்த நேரம் கூட்டப்பட்டிருந்தது. அது பதவி உயர்வுக்கான முதலீடாகத் தரப்பட்டது. பதவி கிடைக்காததால் அந்த நேரத்தை அவர் லாரியில் கூடுதலாக வேலை செய்து திருப்ப வேண்டும். விலக்கு இல்லை.

"எவ்வளவுன்னு போட்டிருக்கான்?" என்றார் டெஸ். கைப்பிடியைப் பற்றி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். அல்மா தெருவின் இரண்டு பக்கமும் தொட்டிகள் வரிசையாக நின்றன.

பெவ் இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

டெஸ் கிரிம்ஷா கவுன்சிலுக்குத் தர வேண்டிய கடன், ஆறு மணி இருபது நிமிடம்.